கத்திரியில் நின்ற கத்தரி: காட்பாடி வீட்டுத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 மே 19, திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு மூன்றாம் பாத்தியிலிருந்து ஒரு தக்காளிச் செடியைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. இடுப்பு உயரச் செடி. அதன் வேர் என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. வெள்ளையாகவும் பிசிர் பிசிராகவும் இருக்கவேண்டிய வேர் தேயிலைச் சக்கை நிறத்தில் இருந்தது. ஒரு கிளைவேரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று விரலில் ஒட்டிக்கொண்டது. உள்ளே தையல் நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. முகர்ந்து பார்த்தால் சாக்கடை வாடை.

முந்தைய நாள் மாலைவரை அந்தச் செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கோடையில் எங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது, எதை எப்படித் தவறாகப் புரிந்துகொண்டோம், எது பிழைத்தது என்பதைப் பதிவு செய்துவைக்கிறேன். நான் பள்ளி ஆசிரியை. வேளாண்மை படித்தவள் அல்ல. ஆனால் தோட்டக் குறிப்பேடு எழுதும் பழக்கம் பத்து ஆண்டுகளாக உண்டு. கீழே இருக்கும் எண்ணிக்கைகள் அதிலிருந்து எடுத்தவை.

தோட்டமும் அதன் ஏற்பாடுகளும்

காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடம். மொட்டை மாடியில் பன்னிரண்டு செடிப்பைகள். வேலூர்க்காரர்கள் எல்லோரையும்போல நாங்களும் தோட்டத்தை வெயிலுக்குப் பயந்தே அமைத்திருந்தோம். மே 4 முதல் 28 வரை அக்கினி நட்சத்திரம்; ஆனால் இந்த ஊரில் கத்திரி பஞ்சாங்கத்துக்குக் காத்திருப்பதில்லை. பங்குனியிலேயே செய்தித்தாளின் வெயில் பட்டியலில் வேலூர் நூறைத் தாண்டி மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாலாறோ பெயருக்குத்தான் ஆறு. நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று ஊரைக் கேலி பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

எனவே ஆறு பாத்திகளையும் குழிப்பாத்தியாக எடுத்திருந்தோம். தரைமட்டத்துக்கு அரை அடி கீழே, சுற்றிலும் வரப்பு. ஊற்றும் தண்ணீரில் ஒரு சொட்டும் வெளியே ஓடக்கூடாது என்பது நோக்கம். மேலே நாலு விரற்கடை கனத்துக்கு நிலக்கடலைத் தொலியும் தேங்காய் மட்டையும் போட்டு மூடாக்கு. அதற்கும் மேலே பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை, நாலு மூலையிலும் கம்பியில் இறுக்கிக் கட்டியது. சொட்டுநீர்க் குழாய்க்கு டைமர். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். மூன்று கோடைகளை இந்த ஏற்பாடு காப்பாற்றியிருக்கிறது. அண்டை வீடுகளில் மே மாதம் செடிகள் கருகி நிற்கும்போது எங்கள் வீட்டில் வெண்டைக்காய் பறித்திருக்கிறோம். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஆண்டு சித்திரைப் பட்டத்தில் இருந்தவை: பி.கே.எம். 1 தக்காளி 18 செடி, இலவம்பாடி முள் கத்தரி 12, மிளகாய் 8, வெண்டை இரண்டு வரிசை, கொத்தவரை ஒரு வரிசை, பந்தலில் பாகல், பீர்க்கு, புடலை, தரையில் ஒரு பூசணிக் கொடி. கீரை எப்போதும் இருக்கும். வேலிக்கு அருகில் ஒரு முருங்கை.

மழை

மே முதல் வாரம் வழக்கமான வெயில்தான். இரண்டாம் வாரத்தில் மேகம் கட்டத் தொடங்கியது. பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கே இருட்டும், நாலரைக்குக் காற்று, ஐந்துக்கு இடியோடு மழை, ஏழு மணிக்குள் விட்டுவிடும். மறுநாள் பகல் முழுவதும் மூட்டம். மாலை ஆனால் மறுபடியும் மழை. வேலூரில் குளிர்ந்த கோடை என்றால் ஊட்டிக்காரர் சிரிப்பார். எங்கள் கணக்கில், மே மாத நள்ளிரவில் மின்விசிறியை இரண்டாம் எண்ணுக்குக் குறைத்தால் அது குளிர்தான். அம்மா போர்வை கேட்டார்.

இது எங்கள் தெருவோடு நின்ற கதை அல்ல. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் மே 24 அன்றே தொடங்கிவிட்டது. 2009க்குப் பிறகு அவ்வளவு முன்னதாக அது வந்ததில்லை. நாடு முழுவதற்குமான கணக்கில் 1901 முதல் பதிவான மே மாதங்களில் அதிக மழை பெய்தது அந்த மே மாதத்தில்தான் என்று வானிலைத் துறை பின்னர் அறிவித்தது. அதையெல்லாம் பிறகு படித்தேன். மே 14 அன்று என் குறிப்பேட்டில் எழுதியிருப்பது ஒரே வரி: "கத்திரியில் மழை. புண்ணியம்."

தவறான வாசிப்பு

மே 15 அன்று மிளகாய்ச் செடிகள் முதலில் தொங்கின. அடுத்த நாள் தக்காளி. கீழ் இலைகள் மஞ்சள் ஆயின. அம்மா தினமும் காலையில் தோட்டத்தை ஒரு சுற்று பார்ப்பவர்.

"செடியெல்லாம் வாடிக் கிடக்கிறதே, நீ தண்ணீர் விட்டாயா இல்லையா?" என்றார்.

"மழைதான் பெய்கிறதே அம்மா."

"அது மேலாகத்தான் நனைத்திருக்கும். மூடாக்குக்குக் கீழே இறங்கியிருக்குமா?"

நியாயமான சந்தேகம்தான். கோடைத் தூறல் பல முறை மூடாக்கின் மேல்பகுதியை மட்டும் நனைத்துவிட்டுப் போய்விடும். கையை விட்டுப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் விடை தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. மூடாக்கைக் கலைத்தால் ஈரம் போய்விடும் என்கிற மூன்று ஆண்டுப் பழக்கம் கையைத் தடுத்தது. அம்மா வாளியில் எடுத்து ஊற்றினார். இதற்கிடையில் நான் அடியோடு மறந்துபோன ஒன்றும் வேலை செய்துகொண்டிருந்தது: டைமர். கொட்டும் மழையிலும் காலை இருபது, மாலை இருபது நிமிடம் அது தன் கடமையைத் தவறாமல் செய்திருக்கிறது.

18ஆம் தேதி மாமா வந்தார். அம்மாவுக்கு அண்ணன், அணைக்கட்டுப் பக்கம் இரண்டு ஏக்கரில் முள் கத்தரி போடுகிறவர். வரப்பில் நின்றபடியே பார்த்தார். குனிந்து மூடாக்கை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, விரலை மண்ணில் அழுத்தினார். விரல் போன பள்ளத்தில் தண்ணீர் ஊறி நின்றது.

"பாப்பா, நீ செடிக்குத் தண்ணீர் விடவில்லை. குளம் வெட்டி அதில் செடி வைத்திருக்கிறாய்."

பிறகு ஒரு தக்காளி இலையைக் காட்டினார். தாகத்தில் வாடிய இலை துணிபோலத் துவண்டிருக்கும். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். இது அப்படி இல்லை. இலை விறைப்பாகத்தான் இருக்கிறது; காம்புதான் குடைக்கம்பிபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. மாலையானாலும் நிமிரவில்லை. தண்டின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே, வெள்ளை வெள்ளையாகக் கடுகளவு முண்டுகள். "மூச்சு விட முடியாமல் மேலே வேர் விடப் பார்க்கிறது" என்றார். வேர் மூழ்கும்போது அதில் உருவாகும் ஒரு பொருள் மேலேறி எத்திலீன் வாயுவாக மாறுகிறது என்பதும், காம்பை வளைப்பது அந்த எத்திலீன்தான் என்பதும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. மாமாவுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

டம்ளரில் ஒரு சோதனை

தண்ணீர் தேங்கியதுதான் காரணமா, நோயும் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் மேற்கொண்டு எதுவும் செய்வதில் பொருள் இல்லை. பாக்டீரியா வாடல் வந்தாலும் செடி இப்படித்தான் பச்சையாகவே தொங்கும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வாடிய செடியின் தண்டை அடியில் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டுவாய் நீரில் படும்படி அசையாமல் தொங்கவிட வேண்டும். பாக்டீரியா இருந்தால் சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால்போல வெள்ளை இழை ஒன்று கீழ்நோக்கி இறங்கும்.

நான்கு செடிகளின் தண்டுகளை நான்கு டம்ளரில் வைத்துச் சமையல்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மூன்றில் ஒன்றும் இறங்கவில்லை. ஐந்தாம் பாத்திச் செடியில் மட்டும், பீடிப்புகைபோல் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து இறங்கி டம்ளரின் அடியில் படிந்தது. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த டம்ளரில் இனிமேல் காப்பி குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஆக, ஐந்தாம் பாத்தியில் வாடல் நோய். மற்றவற்றில் வேர் மூச்சுத்திணறலும் அதைத் தொடர்ந்த அழுகலும். வைத்தியம் வேறு வேறு. ஐந்தாம் பாத்தியின் தக்காளிச் செடிகளை மண்ணோடு எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்தினேன். அவற்றை உரக்குழியில் போடக்கூடாது. மண்வெட்டியைக் கழுவிய பிறகே அடுத்த பாத்தியில் இறங்கினேன். இந்தக் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். எனவே அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் கிடையாது. இப்போது மக்காச்சோளம் நிற்கிறது.

தண்ணீர் ஏன் வடியவில்லை?

வேருக்கும் காற்று வேண்டும். மண்துகள்களுக்கு இடையில் உள்ள சந்துகளில் காற்று இருக்கும்வரை வேர் சுவாசிக்கிறது; அந்தச் சந்துகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால், ஆக்சிஜன் நீருக்குள் நகரும் வேகம் காற்றில் நகர்வதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. சுவாசம் நின்ற வேரால் நீரை உறிஞ்சவும் முடியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுவது அதனால்தான். அப்படி ஓய்ந்த வேரில் அழுகல் பூஞ்சைகள் சுலபமாக ஏறிக்கொள்கின்றன.

ஆனால் ஒன்று உறுத்தியது. எங்கள் மண் செம்மண். தண்ணீர் நிற்கிற மண் அல்ல. மாமா ஊர்ச் செம்மண்ணில் மழை விட்ட மறுநாள் ஏர் பூட்டலாம். மழை இல்லாத ஒரு நாளில் இரண்டு இடங்களில் ஓர் அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பினேன். மதில் ஓரக் குழி இரண்டு மணி நேரத்தில் காலி. மூன்றாம் பாத்திக் குழியில் மாலை ஆறு மணிக்கு ஊற்றிய தண்ணீர், மறுநாள் காலையில் எட்டு விரல் உயரத்துக்கு அப்படியே இருந்தது.

கடப்பாரையால் அடியைக் குத்திப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஓர் அடிக்குக் கீழே, அரை அடி கனத்துக்கு ஓடுபோல இறுகிய அடுக்கு: சல்லி, செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்ட் குழம்பு. வீடு கட்டியபோது மணல் லாரி ஏறி இறங்கிய வழி அது. மேலே நல்ல மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். வெயில் காலத்தில் இந்த ஓடு எங்களுக்குத் தெரியாமலேயே உதவியும் செய்திருக்கிறது. ஊற்றிய தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்துவைத்தது. மூன்று ஆண்டுகள் நான் என் திறமை என்று நினைத்ததில் பாதி அந்த லாரிக்காரருடையது.

எது போனது, எது நின்றது

மிளகாய் எட்டில் ஏழு போயின. தண்ணீர் தேங்கினால் முதலில் சாவது மிளகாய்தான். இரண்டு நாள் தாங்காது. தக்காளி பதினெட்டில் பதினொன்று போயின, ஐந்தாம் பாத்தியில் நானே எடுத்தவற்றையும் சேர்த்து. கொத்தவரை வரிசை முழுவதும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. வெண்டை மஞ்சளாகித் தேங்கி நின்று, பிறகு தேறியது. சிறுகீரையை மழையின் அடியே தரையோடு படுக்கவைத்துவிட்டது. மிஞ்சியதன் இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளப் புள்ளிகள்.

முள் கத்தரி பன்னிரண்டில் பத்து நின்றன. அதே குழி, அதே சேறு, அதே டைமர். இலை சற்று வெளுத்தது, பூ உதிர்ந்தது, அவ்வளவுதான். கத்திரியில் கத்தரிதான் நிற்கும் என்று மாமா சொல்லிச் சிரித்தார். அவருக்குப் பெருமை இருக்காதா! 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் இது. காம்பிலும் தண்டிலும் முள். பறிக்கக் கற்றுக்கொள்ளும்வரை விரல் தப்பாது.

கத்தரியின் இந்தப் பொறுமை ஊர்ப் பெருமைக்கு அப்பால் உலகுக்கும் தெரிந்த ஒன்று. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், மழைக்காலத் தக்காளிக்குக் கத்தரியை வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டும் முறையைப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருகிறது. வெள்ளத்தையும் பாக்டீரியா வாடலையும் கத்தரி வேர் தாங்கும் என்பதே அடிப்படை. நம் பக்கத்தில் சுண்டைக்காய்ச் செடியின் வேரில் கத்தரியை ஒட்டிய கன்றுகள் நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கின்றன. நானும் கத்தரித் தண்டில் நான்கு தக்காளி ஒட்டினேன், மூன்று காய்ந்துவிட்டன. நான்காவது உயிரோடு இருக்கிறது. அதை வைத்து எதையும் இப்போது சொல்லமுடியாது.

பந்தலில் கண்ட விசித்திரம்

பந்தலில் எல்லாக் கொடிகளுக்கும் ஒரே மழை. பாகல் காய்த்துத் தள்ளியது. பூசணியும் மூன்று காய் பிடித்தது. பீர்க்கும் புடலையும் பூத்தன, பூத்தன, பூத்துக்கொண்டே இருந்தன. ஒரு காயும் இல்லை. பிஞ்சு விரல் நீளம் வந்து மஞ்சளாகி உதிரும். உரக்குறை என்று நினைத்து ஒரு வாரம் வீணாக்கினேன்.

விடை கடிகாரத்தில் இருந்தது. பாகலும் பூசணியும் விடியற்காலையில் மலர்கின்றவை. அந்த நேரத்தில் மழை இல்லை. மூட்டமானாலும் தேனீக்கள் வந்தன. பீர்க்கு மாலையில் மலரும். புடலையின் வெள்ளை நூல்பூ விரிவது அந்தி சாய்ந்த பிறகு. அதற்கு இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள் வரவேண்டும். எங்கள் மழை தினமும் ஐந்து முதல் ஏழு மணிவரை. பூ விரியும் நேரமும் மழை நேரமும் ஒன்றாகிவிட்டன. மகரந்தம் நனைந்து பிசைந்த மாவாகிவிட்டது, பூச்சிகளும் இல்லை.

அதன் பிறகு செய்தது இது. அன்று மாலை விரியப்போகும் பெண் மொட்டுகளை (அடியில் குட்டிக் காய் இருக்கும், அடையாளம் காண்பது எளிது) பிற்பகல் மூன்று மணிக்கே எண்ணெய்த்தாள் கூம்பு ஒன்றால் தொப்பிபோல் மூடினேன். ஆண் மொட்டுகள் சிலவற்றைக் காம்போடு பறித்து, வீட்டுக்குள் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். அவை மேசைமேலேயே அந்தியில் விரிந்தன. மழை விட்டதும் கையில் டார்ச்சோடு போய், ஆண் பூவின் இதழைக் களைந்துவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மென்மையாகத் தேய்த்தேன். ஆறு நாளில் ஒன்பது பீர்க்கு, நாலு புடலை பிடித்தன. தெருவில் போகிறவர்கள், இரவு எட்டு மணிக்குப் பந்தலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டு என்ன தேடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

தக்காளியிலும் ஒன்று எதிர்பாராமல் நடந்தது. பிழைத்த ஏழு செடிகளும் மே மாதத்தில் காய் பிடித்தன. எங்கள் ஊர்க் கோடையில் தக்காளி பூக்கும். இரவிலும் சூடு தணியாததால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். இந்த முறை இரவு குளிர்ந்ததால் உதிரவில்லை. குளிர் உண்மையில் எங்களுக்கு நல்லதையே செய்தது. கெடுத்தது தண்ணீரும், அதைத் தேக்கிய நாங்களும். மழைக்குப் பின் பழங்கள் காம்பைச் சுற்றி வெடித்ததும் உண்மைதான். செங்காயாக, நிறம் திரும்பும்போதே பறித்து வைக்கோலில் வைத்ததும் அந்த நட்டம் நின்றது.

அவசர வேலைகள், அதில் ஒரு தவறு

19ஆம் தேதி டைமரைக் கழற்றினேன். வரப்புகளை உடைத்து, ஒவ்வொரு பாத்தியின் தாழ்ந்த மூலையிலிருந்தும் ஒரு சாண் ஆழ வடிகால் வெட்டி வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோனேன். மூடாக்கை முழுவதும் வாரி வெளியே போட்டேன். நிழல்வலையை அவிழ்த்துச் சுருட்டினேன். தக்காளியின் அடியில் அந்த வெள்ளை முண்டுகள் மூடும் அளவுக்கு மேட்டு மண்ணும் தொழுவுரமும் கலந்து அணைத்தேன். பத்து நாளில் அந்த முண்டுகள் வேராகி இறங்கின. பிழைத்த ஏழும் இந்த மண் அணைப்பால்தான் பிழைத்தன என்பது என் கணிப்பு. மாடியில் செடிப்பைகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்தேன். தரையோடு தரையாக உட்கார்ந்திருந்த பைகளின் ஓட்டைகள் நார்க்கழிவால் அடைபட்டிருந்தன. ஈர்க்குச்சியால் குத்தியபோது ஒரு பையிலிருந்து அரைச் செம்புத் தண்ணீர் கொட்டியது.

தவறு இதில்தான். மூடாக்கையும் வலையையும் ஒரே நாளில் அடியோடு எடுத்தேன். மாத இறுதியில் மூன்று நாள் மேகம் விலகி, வேலூர் வெயில் தன் முகத்தைக் காட்டியது. பாதி வேரை இழந்திருந்த செடிகளுக்கு அது தாங்கவில்லை. மேலே சொன்ன பதினொன்றில் மூன்று தக்காளி அந்த வெயிலில் போனவை, மழையில் அல்ல. இப்போது வலை திரைச்சீலைபோல் வளையங்களில் ஓடுகிறது. மேகம் கட்டினால் இழுத்துவிடலாம், வெயில் அடித்தால் மூடிவிடலாம். மூடாக்கு இரண்டு விரல் கனத்துக்குமேல் போடுவதில்லை. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் திறந்தே இருக்கும்.

இரண்டாம் முறை நாற்று விட்டபோது குழித்தட்டில் நாற்றழுகல் வந்தது. முந்தைய இரவு நிமிர்ந்திருந்த நாற்று, காலையில் கழுத்தில் நூல் கட்டி இறுக்கியதுபோல் சுருங்கிச் சாய்ந்திருக்கும். விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் தரும் பரிந்துரை, விதை ஒரு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையின் பொடி, விதைப்பதற்கு ஒரு நாள் முன்பு. நோய் வந்த பின்பு காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம், வேர்ப்பகுதி நனைய ஊற்றவேண்டும். வீட்டுத்தோட்டக்காரரிடம் இருப்பது ஒரு தேக்கரண்டி விதை. அதற்கு ஒரு சிட்டிகை பொடி போதும். அதைவிட எனக்கு உதவியது, தட்டுகளுக்கு மேல் பாலித்தீன் தாளைக் கூரைபோல் கட்டிப் பக்கங்களைத் திறந்து விட்டதும், காலையில் மட்டும் தண்ணீர் தெளித்ததும்.

சேற்றுக்கு மேல் ஜீவாமிர்தம் என்னும் சாணக் கரைசலை ஊற்றலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். ஊற்றக்கூடாது என்பது என் கட்சி. மூச்சு வாங்கும் வேருக்கு விருந்து வைப்பதில் பயனில்லை. மண் காய்ந்து புது இலை துளிர்த்த பிறகு பஞ்சகவ்யம், பத்து லிட்டருக்கு 300 மில்லி, இலைமேல் தெளித்தேன். பச்சை திரும்பியது. பஞ்சகவ்யத்தாலா, வடிகாலாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

நத்தைகளைப் பற்றி இரண்டு வரி. அந்த மூடாக்கு ஆப்பிரிக்கப் பெருநத்தைகளுக்கு மாளிகையாகியிருந்தது. மாலையில் ஈரச் சாக்கை விரித்துப் பப்பாளி இலையை அதற்கு அடியில் வைத்தால், காலையில் கூட்டமாக ஒட்டியிருக்கும். கையுறை போட்டு எடுத்து உப்புக்கரைசல் வாளியில் போட்டேன். வெறும் கையால் தொடக்கூடாது, மனிதருக்கு நோய் தரும் புழுக்கள் அதில் இருக்கலாம். பாத்தியில் உப்பைத் தூவுவதும் மண்ணுக்குக் கேடு. முருங்கை? பூ மொத்தமும் உதிர்ந்தது. தண்டில் கம்பளிப்புழு அடை அடையாக ஏறியது. பந்தம் காட்டி அப்புறப்படுத்தினோம்.

ஆடிக்கு முன்

ஜூனில் ஆள் வைத்து, மூன்றாம், நான்காம் பாத்திகளின் அடியில் இறுகியிருந்த அடுக்கைக் கடப்பாரையால் உடைத்தோம். ஒன்றரை அடி ஆழம்வரை போய்ச் சல்லியைப் பொறுக்கி எடுக்க இரண்டு நாள் கூலி. எல்லாவற்றையும் மேட்டுப்பாத்தியாக மாற்றிவிடு என்று சொன்னவர்கள் உண்டு. மாற்றவில்லை. மேட்டுப்பாத்தி வேலூர்ப் பங்குனியில் இரண்டு நாளில் காய்ந்து பொடியாகும். குளிர்ந்த கோடை ஒன்றுக்காக அடுத்த நான்கு சுட்டெரிக்கும் கோடைகளை இழக்க முடியாது. எனவே இரண்டு பாத்திகள் முக்கால் அடி மேடு, தக்காளிக்கும் மிளகாய்க்கும். நான்கு குழியாகவே இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் வரப்பிலும் ஒரு வாய். வெயிலில் மண்கட்டியால் அடைத்துவிடலாம், மழையில் காலால் தள்ளித் திறந்துவிடலாம். கத்தரி குழியிலேயே இருக்கிறது. டைமரை எடுத்துவைத்துவிட்டேன், குழாயைத் திறக்குமுன் அம்மா மூடாக்கை ஒதுக்கி விரலை உள்ளே விட்டுப் பார்க்கிறார்.

சோதனைக் குழிகளை மூடவில்லை; நான்காம் பாத்தியிலும் ஒன்று எடுத்தேன். ஆடி மாதத்து முதல் பெருமழை அன்று இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தேன். நான்காம் பாத்திக் குழி வடிந்திருந்தது. மூன்றாவதில் காலையிலும் நாலு விரல் தண்ணீர் நின்றது. ஓடு அங்கே இன்னும் கீழே போகிறது போலும். அந்த மூலையில் மாமா கொடுத்த சேப்பங்கிழங்கை நட்டிருக்கிறேன். இலை முறம் அளவுக்கு விரிந்து நிற்கிறது.